ஊட்டி மையத்த மூடுன பல்கலைக்கழகத்துக்கு பந்தலூர்ல இருந்து ஒரு திறந்த மடல்

துணைவேந்தர் அவர்களுக்கும், பொதுக்கொள்கை மற்றும் மேலாண்மைத் துறைத்தலைவர் அவர்களுக்கும்,

மூணாவது செமஸ்டருக்கு ஃபீஸ் கட்டி ரசீது வாங்குன கொஞ்ச நாள்லயே உங்க சுற்றறிக்கை எங்க வாட்ஸப் குரூப்புக்கு வந்துச்சு. அரைப் பக்கம். நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு ஊட்டி தொடர்பு வகுப்பு மையம் மூடப்படுகிறது, இனி சனி ஞாயிறு வகுப்பு, செமஸ்டர் தேர்வு, வைவா எல்லாமே கோயம்புத்தூர் மையத்துலதான், 75 சதவீத வருகைப்பதிவு கட்டாயம், கீழ ஒரு கையெழுத்து, ஒரு சீல். மெயில் போட்டோம், பதிவுத் தபால் அனுப்புனோம், ஆபீஸுக்கு போன் பண்ணா "மேலிடத்து முடிவும்மா, எங்க கைல ஒண்ணும் இல்ல"ங்கறாங்க. அந்த மேலிடம் நீங்கதான், வேற யாரா இருக்க முடியும், அதனாலதான் நாலு பேரு பாக்குற மாதிரி உங்களுக்கே எழுதுறேன்.

நான் யாருன்னு சொல்லிடறேன். கூடலூர் ஒன்றியத்துல மகளிர் சுய உதவிக்குழு வேலை பாக்குறேன், ஒப்பந்த அடிப்படைலதான். அப்பா அம்மா ரெண்டு பேரும் டேன்டீல, அதாவது அரசு தேயிலைத் தோட்டக் கழகத்துல, எல பறிச்சவங்க. தாத்தா பாட்டி இலங்கைல இருந்து கப்பலேறி வந்தவங்க. 1964ல இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் அங்க இருந்த இந்திய வம்சாவளித் தமிழருங்கள பத்தி ஒப்பந்தம் போட்டாங்கல்ல, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் இருக்குற 1,50,000 பேர பத்தி அப்புறமா பேசிக்கலாம்னு, அந்த 5,25,000ல எங்க குடும்பமும் ஒண்ணு. பேசுனவங்கள்ல யாரும் எங்க தாத்தாவ கூப்பிட்டு "நீ எங்க இருக்கப் போற"ன்னு கேக்கல. இத வீட்ல அப்பா சொல்லிச் சொல்லி கேட்டு வளந்ததாலதான் எனக்கு இந்தப் படிப்பு மேல ஆசையே வந்துச்சு, ஒரு முடிவு எங்கயோ ஒரு ரூம்ல எடுக்கப்படுது, அது எப்படி எடுக்கறாங்க, யாரக் கேட்டு எடுக்கறாங்க, அது தோட்டத் தொழிலாளிங்க வரிசையா குடியிருக்கற ஒரு லைன் வீட்டு வாசல் வரைக்கும் வந்து சேரும்போது என்னவா மாறுதுன்னு தெரிஞ்சுக்கணும்னு. உங்க விளம்பரத்துலயும் அதையேதான் போட்டிருந்தீங்க, களத்துல வேலை செய்யறவங்களுக்கான முதுகலைப் படிப்பு, வேலையை விடாம படிக்கலாம், ஊட்டியில் வார இறுதி வகுப்பு. அந்த நோட்டீஸ இன்னும் பத்திரமா வெச்சிருக்கேன்.

இந்தப் படிப்பு எங்கள மாதிரி ஆளுங்க கைக்கு வந்ததே பெரிய விஷயம், அத நான் மறுக்கல. 2002ல பெங்களூர் ஐஐஎம்ல பொதுக்கொள்கை மேலாண்மை படிப்பு ஆரம்பிச்சப்ப அது மத்திய அரசு ஆதரவோட பெரும்பாலும் அதிகாரிங்களுக்காக வந்தது. கவர்மென்ட்டே அனுப்பி வெச்சு படிக்க வெச்சது. எங்கள யாரும் அனுப்பி வெக்கல சார். சொந்தக் காசு, சொந்த லீவு, வீட்ல பேசி சம்மதம் வாங்குனது எல்லாம் அவங்கவங்க பாடு. எங்க வகுப்புல கிராம சுகாதார செவிலியர் இருக்காங்க, பஞ்சாயத்து செயலர் இருக்காரு, ரெண்டு ஸ்கூல் டீச்சர், ஒரு சிறு தேயிலை விவசாயி, ஃபாரஸ்ட்ல வேலை பாக்குறவரு ஒருத்தரு, பணியர் சமூகத்துப் பொண்ணு ஒருத்தி. எழுத்துல உள்ள திட்டத்த ஊருக்குள்ள கொண்டு போயி சேக்கறதே இந்த மாதிரி ஆளுங்கதான்னு உங்க பாடத்துலயே ஒரு முழு யூனிட் இருக்கு.

சரி, விஷயத்துக்கு வரேன். சுற்றறிக்கையோட ஒரு இணைப்பு இருந்துச்சு, ஊட்டியிலிருந்து கோயம்புத்தூர் சுமார் 85 கிலோமீட்டர், பேருந்து வசதி உண்டு, அதனால் மாணவர்களுக்கு பெரிய சிரமம் இருக்காது, அப்படின்னு. இத எழுதுனவரு நீலகிரின்னா ஊட்டின்னு நெனச்சுட்டாரு. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர்னு ஆறு தாலுகா இருக்குங்க இங்க. பந்தலூர்ல இருந்து கூடலூர் போயி, கூடலூர்ல இருந்து நடுவட்டம் ஏறி ஊட்டி போயி, அதுக்கப்புறம்தான் உங்க 85 கிலோமீட்டர் ஆரம்பிக்குது. மொத்தம் கிட்டத்தட்ட 160 கிலோமீட்டர், ஒரு பக்கத்துக்கு. சமவெளில 160 கிலோமீட்டர் மூணு மணி நேரம், இங்க ஆறு மணி நேரத்துக்கு குறைஞ்சா அன்னிக்கு நல்ல நாள்.

காலைல ஒம்போதரைக்கு கோயம்புத்தூர்ல பயோமெட்ரிக்ல விரல் வெக்கணும்னா எங்க ஊர்ல இருந்து காலைல கெளம்பி முடியவே முடியாது, நடுராத்திரி எந்திரிச்சாலும் பஸ்ஸு வேணும்ல. அப்போ வெள்ளிக்கிழமை மத்தியானமே லீவு போட்டுட்டு கெளம்பணும். பஸ்ல ஷட்டர எறக்கி விட்டாலும் நடுவட்டத்துல குளிரு உள்ள வரும், ஊட்டில எறங்கி வேற பஸ்ஸு புடிச்சு குன்னூர் தாண்டி பர்லியார் வளைவுல எறங்கும்போது வேர்க்கும், ஸ்வெட்டர கழட்டி மடில வெச்சுகிட்டு, பக்கத்து சீட்டுல கொழந்த வாந்தி எடுக்குது, அதுக்கு கவர் எடுத்துக் குடுத்துட்டு, மொபைல் வெளிச்சத்துல உங்க ரீடிங் மெட்டீரியல படிக்க முடியுமான்னு பாக்கணும். கோயம்புத்தூர் போயி சேந்தா ராத்திரி. ஒத்தப் பொம்பள லாட்ஜுல ரூம் கேட்டா மேலயும் கீழயும் பாத்துட்டு ஆதார் கார்ட ரெண்டு தடவ திருப்பிப் பாக்கறாங்க. வெள்ளி ராத்திரி, சனி ராத்திரி ரூம் வாடகை, சாப்பாடு. அதோட முடியல. ஞாயித்துக்கிழமை நாலரைக்கு வகுப்பு முடிஞ்சு பஸ்ஸு ஏறுனா நான் வீடு வந்து சேர முடியாது. ஊட்டி வரைக்கும் வரலாம், மேல போனா கூடலூர், அதுக்கு அந்தப் பக்கம் அந்த நேரத்துல பஸ்ஸும் கெடையாது, ஆட்டோவும் வராது.

ஆட்டோ ஏன் வராதுன்னு சமவெளில இருக்கறவங்களுக்கு சொல்லணும். எங்க பக்கம் பொழுது சாஞ்சா ரோட்டுல யானை நிக்கும். ஃபாரஸ்ட்காரங்க இந்த டிவிஷன்ல யானை நிக்குது, யாரும் வெளிய வராதீங்கன்னு மெசேஜ் போட்டுட்டே இருப்பாங்க. பஸ் ஸ்டாப்புல இருந்து எங்க லைனுக்கு தேயிலைக்குள்ளதான் நடக்கணும், இருட்டுக்குள்ள யானை நிக்கறது பக்கத்துல போற வரைக்கும் தெரியாது. எங்க ஊர்ல ஆளுங்க செத்திருக்காங்க சார். டியூட்டி முடிஞ்சு வீட்டுக்கு நடந்து வந்தவங்க. அதனால ஞாயித்துக்கிழமை ராத்திரியும் வழில எங்கயாவது தங்கிட்டு திங்கக்கெழமை வரணும், திங்கக்கெழமை வேலையும் போச்சு. ஊட்டில வகுப்பு நடந்தப்ப இதுவே வேற மாதிரி இருந்துச்சு, சனிக்கிழமை காலைல மொதல் பஸ்ஸு, ராத்திரி செவிலியரக்கா வீட்ல தங்கல், ஞாயித்துக்கெழமை உங்க வாத்தியாரே எங்க பஸ் டைம் தெரிஞ்சு மூணு மணிக்கு விட்டுடுவாரு, இருட்டறதுக்குள்ள வீடு. கஷ்டம்தான், ஆனா முடிஞ்சது.

இதுல சீசன் வேற. 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர்ற வண்டிகளுக்கு இ-பாஸ் வேணும்னு சென்னை உயர் நீதிமன்றம் சொல்லுச்சு, அடுத்த வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் நீலகிரிக்கு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறுன்னா 8,000 வண்டின்னு கணக்கும் வெச்சுச்சு. எங்க வண்டிக்கும் கவர்மென்ட் பஸ்ஸுக்கும் பாஸ் தேவையில்லதான், ஆனா பஸ்ஸு அந்த 8,000 வண்டிக்கு நடுவுலதானே போகணும், அதுக்குன்னு தனி ரோடா போட்டிருக்கு? இந்த மலை எவ்வளவு வண்டியத் தாங்கும்னு ஆய்வு பண்ண ஐஐடி மெட்ராஸையும் பெங்களூர் ஐஐஎம்மையும் நீதிமன்றம் கேட்டிருக்கு. அதாவது ஒரு மேலாண்மை நிறுவனம் இந்த ரோட்டுல கூட்டத்த எப்படிக் கொறைக்கறதுன்னு யோசிக்குது, மேலாண்மை சொல்லித்தர்ற நீங்க அதே ரோட்டுல, அதே சனி ஞாயிறுல, எங்கள எறக்கி விடறீங்க. போன செமஸ்டர்ல இந்த இ-பாஸ்தான் எங்களுக்கு கேஸ் ஸ்டடியா குடுத்தீங்கன்னு நெனச்சா சிரிப்பு வருது.

தேர்வு விஷயம் இதவிட மோசம். உங்க செமஸ்டர் தேர்வு வர்றது ஜூன் கடைசி ஜூலைல ஒண்ணு, நவம்பர் கடைசி டிசம்பர்ல ஒண்ணு. காலண்டர எடுத்துப் பாருங்க. மொதல்ல சொன்னது தென்மேற்கு பருவமழை, அது கூடலூர் பந்தலூர அடிக்கும். தமிழ்நாட்டு மழை அளவு பேப்பர்ல வரும்போது அந்த மாசங்கள்ல எங்க பக்கத்து தேவாலா பேரு மேலயே நிக்கறத நீங்களே பாத்திருப்பீங்க. ரெண்டாவது வடகிழக்கு, அது குன்னூர் கோத்தகிரி பக்கம் அடிக்கும், பர்லியார் மரப்பாலம் பக்கம் மண்ணு சரிஞ்சு மேட்டுப்பாளையம் ரோடு அடைபடும், கோத்தகிரி வழியா சுத்தி விடுவாங்க, சில நேரம் அதுவும் இல்ல. 2009 நவம்பர்ல ஒரே மழைல நாப்பது பேருக்கு மேல செத்த மாவட்டம் இது. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 800 மில்லிமீட்டருக்கு மேல பேஞ்சது. ரெண்டு தேர்வையும் ரெண்டு மழைல கரெக்டா கொண்டு வந்து வெச்சிருக்கீங்க, வேணும்னே தேடி வெச்சாகூட இவ்வளவு பொருந்தாது.

ஊட்டில மையம் இருந்த வரைக்கும் இதுக்கு ஒரு வழி இருந்துச்சு, கலெக்டர் மாவட்டத்துக்கு லீவு விட்டா மையமும் மூடிடும், தேர்வு தள்ளிப் போகும். இப்போ என்ன ஆகும்? கலெக்டர் கூடலூர் பந்தலூர் தாலுகாவுக்கு மட்டும் லீவு விடுவாரு, வெளிய வராதீங்கன்னு சொல்லுவாரு, கோயம்புத்தூர்ல வெயில் அடிக்கும், தேர்வு நடக்கும், எங்க நம்பருக்கு நேரா ஆப்சென்ட் விழும். அரியர் பேப்பருக்கு ஃபீஸ் கட்டி அடுத்த மழைல எழுதணும். இது கற்பனை கெடையாது, இந்த செமஸ்டர் இன்டர்னல் தேர்வப்பவே நடந்துச்சு. கூடலூர்ல இருந்து போக வேண்டிய நாங்க யாரும் போக முடியல, லீவு அறிவிப்பு பிரஸ் நோட்டையும் மரம் விழுந்த ரோட்டு போட்டோவையும் அனுப்புனோம், "விதிமுறைகளில் இடமில்லை"ன்னு ஒத்த வரி வந்துச்சு. அந்த வாரம் எங்களுக்கு நடத்த வேண்டிய பாடம் என்ன தெரியுமா, பேரிடர் மேலாண்மை. அதுல நீலகிரி மண்சரிவு ஒரு உதாரணம்.

எங்க வகுப்பு எப்படி நடந்துச்சுன்னு உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, வருகைப்பதிவு மட்டும்தான் மேல வந்திருக்கும், அதனால ஒரு நாள பத்தி மட்டும் சொல்றேன். விலை நிர்ணயம் பத்தி பாடம். கோயம்புத்தூர்ல இருந்து வந்த சார் போர்டுல தேவை, அளிப்புன்னு ரெண்டு கோடு போட்டு அது வெட்டிக்கற எடத்த விலைன்னு சொன்னாரு. பின்னாடி பெஞ்சுல இருந்த நம்ம தேயிலை விவசாயி எந்திரிச்சாரு, கோத்தகிரிக்காரரு, வயசு அம்பதுக்கு மேல, வகுப்புல பொதுவா பேசமாட்டாரு. "சார், நான் எலய ஃபேக்டரில போடும்போது எனக்கு விலை தெரியாது சார்"னாரு. சாருக்கு புரியல. அப்புறம் இவரு சாக்பீஸ வாங்கி அவரே எழுதுனாரு, எல இன்னிக்கு பறிச்சா இன்னிக்கே போட்டாகணும், இல்லாட்டி கருத்துடும், வெச்சிருந்து விக்க முடியாது. ஃபேக்டரி தூளாக்கும், தூளு குன்னூர் ஏலத்துக்குப் போகும், ஏலத்துல போன விலைய வெச்சு டீ போர்டு மாசாமாசம் பச்ச எலைக்கு கொறைஞ்சபட்ச விலை இவ்வளவுன்னு சொல்லும், அதுக்கப்புறம்தான் இவருக்கு கணக்கு. வித்து முடிச்சு அப்புறமா விலை தெரிஞ்சுக்கற யாவாரம். "இதுல என் கோடு எங்க இருக்கு சார், நீங்களே போடுங்க"ன்னு சாக்பீஸ நீட்டுனாரு. அந்த சார் நல்லவரு, சிரிச்சுட்டு போர்ட அழிச்சாரு, மத்தியானம் முழுக்க அதுலயே போச்சு, பஞ்சாயத்து செயலர் ஒரு பக்கம் பேச, டீச்சர் ஒரு பக்கம் பேச, நான் எங்க குழு பொம்பளைங்க கடன் தவணை எந்த மாசம் தவறுதுன்னு சொல்ல, அது எல விலை எறங்குற மாசத்தோட பொருந்தி வர்றத நாங்களே போர்டுல பாத்தோம். எனக்கு இந்த ரெண்டு வருஷப் படிப்புல உருப்படியா கத்துகிட்டது என்னன்னு யாராவது கேட்டா அந்த மத்தியானத்தத்தான் சொல்லுவேன். அந்தப் பெரியவரு இப்ப வகுப்புக்கு வர்றதில்ல. சனி ஞாயிறு ரெண்டு நாளும் எல பறிக்காம கோயம்புத்தூர்ல போயி உக்காந்தா அவருக்கு அந்த வார வருமானம் போச்சு.

பணியர் பொண்ணு நின்னுடுச்சு. தமிழ்நாட்டுல மிகவும் நலிவடைந்த பழங்குடின்னு அரசு பட்டியல் போட்ட ஆறு சமூகமும், தொதவர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், எல்லாருமே இந்த மாவட்டத்துல இருக்காங்க. அதுல ஒரு பொண்ணு டிகிரி முடிச்சு, பொதுக்கொள்கைல முதுகலைக்கு சேந்து, ரெண்டு செமஸ்டர் பாஸ் பண்ணி வந்திருக்கு. அவங்க பாடிக்கு, அதாவது குடியிருப்புக்கு, வர்ற திட்டம் எதுவும் ஏன் பாதில நிக்குதுன்னு ஆய்வு பண்ணப் போறேன்னு சொல்லிகிட்டு இருந்துச்சு. சுற்றறிக்கை வந்ததும் கணக்கு போட்டுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம குரூப்ல இருந்து வெளிய போயிடுச்சு. உங்க ரெஜிஸ்டர்ல அது "இடைநிற்றல், சொந்தக் காரணம்"னு இருக்கும்.

இனி உங்க பாடத்த வெச்சே கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க, சொல்லிக் குடுத்தது நீங்கதான். மொத செமஸ்டர்லயே ஆர்ன்ஸ்டைன்ங்கற அம்மா 1969ல சொன்ன மக்கள் பங்கேற்பு ஏணி படிச்சோம், எட்டுப் படி. கீழ ரெண்டு படி பங்கேற்பே கெடையாது, மூணாவது படி சும்மா தகவல் சொல்றது, நாலாவது கருத்து கேக்கறது. உங்க சுற்றறிக்கைய மூணாவது படில ஏத்தலாம்னு பாத்தா, தகவல்னா கொறஞ்சபட்சம் ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி சொல்லணும்ல, சேரலாமா வேணாமான்னு நாங்க யோசிக்கற மாதிரி.

அடுத்தது 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரிவு 4. அதுல முக்கியமான முடிவு எடுத்து அறிவிக்கும்போது அதோட தொடர்புடைய எல்லா விவரத்தையும் வெளியிடணும்னு இருக்கு, நிர்வாக முடிவால பாதிக்கப்படறவங்களுக்கு காரணம் சொல்லணும்னு தனியா இன்னொண்ணு இருக்கு. யாரும் மனு போட்டுக் கேக்காமலே நீங்களா செய்ய வேண்டியது இது. நிர்வாகக் காரணம்ங்கறது காரணமே கெடையாது, கதவ சாத்துறது. ஒரு பஞ்சாயத்துத் தலைவரு ரேஷன் கடைய "நிர்வாகக் காரணத்துக்காக" அடுத்த ஊருக்கு மாத்துனா நீங்க எங்களுக்கு அசைன்மென்ட் குடுத்து பத்து மார்க் கேள்வி கேப்பீங்க.

அப்புறம் செலவு பலன் ஆய்வு. இதுதான் எனக்கு ரொம்பக் கோவம். ஊட்டி மையத்துக்கு வாடகை, வாத்தியாருங்க மேல வந்து போற பயணப்படி, தங்கற செலவு, இத மிச்சம் பண்ணலாம்னு கணக்கு போட்டிருப்பீங்க, வேற காரணம் எனக்கு தோணல. அந்த செலவு காணாமப் போகல, எங்க தலைல வந்து விழுந்திருக்கு, அதுவும் பல மடங்கா. மேல ஒரே ஒரு ஆள் ஏறி வர்றதுக்கு பதிலா கீழ இருபது சொச்சம் பேர் எறங்கறோம், ஒவ்வொருத்தருக்கும் பஸ் காசு, ரூம் வாடகை, போன சம்பளம், வீட்ல கொழந்தைய பாத்துக்க ஆளு. உங்க கணக்குப் புத்தகத்துல மட்டும் பாத்தா லாபம்தான். செலவ யார் ஏத்துக்கறாங்கன்னு பாக்காத ஆய்வு ஆய்வே இல்லன்னு போர்டுல ரெண்டு தடவ அடிக்கோடு போட்டு சொன்னது உங்க துறைதான், நோட்டு இருக்கு, வேணும்னா போட்டோ எடுத்து அனுப்பறேன்.

மாணவர் எண்ணிக்கை கம்மின்னு சொல்லுவீங்க. சரிதான், கம்மிதான். 2011 கணக்குல இந்த மாவட்டத்து ஜனத்தொகையே 7,35,394, தமிழ்நாட்டுல நூத்துல ஒரு பங்கு. கோயம்புத்தூருக்கும் எங்களுக்கும் ஒரே அளவு வெச்சா எந்தக் காலத்துலயும் நாங்க கம்மியாத்தான் இருப்போம், அப்படிப் பாத்தா இங்க பஸ்ஸு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எதுவுமே நடத்தக்கூடாது. மலைப்பகுதிக்குன்னு தனி மேம்பாட்டுத் திட்டம் போட்டதே அதனாலதானே, தலைக்கணக்கு வெச்சுப் பாத்தா மலைக்கு எப்பவும் ஒண்ணும் வராதுன்னு.

ஆன்லைன்ல பாத்துக்கலாமேன்னு ஆபீஸ்ல ஒரு அம்மா சொன்னாங்க. பாக்கலாம் மேடம், கரண்ட் இருந்தா. ஆடி மாசத்துல எங்க லைனுக்கு கரண்ட் போனா எந்த மரம் எங்க விழுந்துச்சுன்னு கண்டுபிடிக்கவே ஒரு நாள் ஆகும். கூடலூர் பக்கம், ஜென்மம்ங்கற பழைய நிலவுடைமை முறைய ஒழிக்க வந்த 1969 ஜென்மம் ஒழிப்புச் சட்டத்துல பிரிவு 17 நிலம்னு ஒண்ணு இருக்கு, வழக்கும் வில்லங்கமுமா பட்டா இல்லாம இத்தன வருஷம் ஓடுது, அங்க வீட்டுக்கு கரண்ட் கனெக்‌ஷன் வாங்கறதே போராட்டம், நம்ம வகுப்புலயே அப்படி ஒரு வீட்ல இருந்து வர்றவரு இருக்காரு. டவர் சிக்னல் வேணும்னா நான் ஸ்கூல் மேட்டுக்கு ஏறணும். இத்தனைக்கும் கேமரா ஆன்ல இருந்தாதான் வருகைப்பதிவுன்னு ரூல். ஆன்லைன் வேணாம்னு சொல்லல, மழை நாளுக்கு அது உதவும், ஆனா அத மையத்துக்கு பதிலா குடுக்காதீங்க, மையத்தோட சேத்துக் குடுங்க.

நாங்க கேக்கறது இதுதான்.

மொதல்ல, நாங்க சேந்தப்ப சொன்ன எடத்துலயே எங்க பேட்ச்சோட மிச்ச வகுப்பயும் தேர்வயும் முடிச்சுக் குடுங்க. அடுத்த வருஷ அட்மிஷன்ல நீங்க என்ன முடிவு வேணா எடுங்க, அதுக்கும் கேக்க வேண்டியவங்க இருக்காங்க, ஆனா ஊட்டின்னு சொல்லி ஃபீஸ் வாங்கிட்டு பாதில கோயம்புத்தூர்ங்கறது நியாயம் இல்ல. வாடகைதான் பிரச்சனைன்னா ஊட்டில அரசு கலைக் கல்லூரி இருக்கு, 1955ல இருந்து இருக்கு, கூடலூர்லயும் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கு, சனி ஞாயிறுக்கு ரெண்டு வகுப்பறை கேட்டு ஒரு லெட்டர் போட்டுப் பாருங்க. மாசத்துல ஒரு வாரம் கூடலூர்ல நடத்துனா இன்னும் நல்லது, ஊட்டிக்காரங்ககிட்ட பேசிட்டோம், அவங்க வர்றதுக்கு தயாராதான் இருக்காங்க.

நீலகிரி கலெக்டர் எந்தத் தாலுகாவுக்கு லீவு விட்டாலும் அந்தத் தாலுகா மாணவர்களுக்கு அன்னிக்கு வகுப்பு வருகையும் தேர்வும் கணக்குல வரக்கூடாது, தனி மறுதேர்வு வேணும், அதுக்கு ஃபீஸ் கேக்கக்கூடாது. விதிமுறைல இடம் இல்லன்னா விதிமுறைய மாத்துங்க, அது வேதம் கெடையாது, உங்க கல்விக்குழு போட்டதுதான். இந்த செமஸ்டர் இன்டர்னல்ல ஆப்சென்ட் போட்டவங்களுக்கும் இது சேத்து பொருந்தணும்.

மையத்த மூடுறதுன்னு முடிவு எடுத்த கூட்டத்தோட நடவடிக்கைக் குறிப்பு, அதுக்கு வெச்ச செலவுக் கணக்கு, ரெண்டையும் உங்க இணையதளத்துல போடுங்க. நான் தகவல் மனு தனியா போட்டிருக்கேன், ஆனா மனு இல்லாமலே நீங்க வெளியிட வேண்டியதுதான் இது.

நின்னு போன பணியர் மாணவியோட எடத்த ரத்து பண்ணாதீங்க. துறைல இருந்து யாராவது ஒருத்தர், போன்ல இல்ல, நேர்ல வந்து அந்தப் பொண்ணு வீட்ல பேசுங்க, கட்டுன ஃபீஸோடயே திரும்ப சேத்துக்கங்க. தேயிலை விவசாயி ஐயாவுக்கும் அதேதான். வழி தெரியலன்னா நான் கூட்டிட்டுப் போறேன்.

கடைசியா, அடுத்த வகுப்புக்கு முன்னாடி துறைத்தலைவர் மேல வந்து எங்களோட ஒரு கூட்டம் போடணும். வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயம்புத்தூர்ல இருந்து பஸ்ஸுலயே வாங்க சார், பந்தலூர் வரைக்கும். சனிக்கிழமை காலைல கூடலூர்ல உக்காந்து பேசலாம், மினிட்ஸ் நாங்க எழுதித் தர்றோம், ரெண்டு பக்கமும் கையெழுத்து போடலாம். தேதிய எழுத்து மூலமா பதினஞ்சு நாளைக்குள்ள தெரிவிங்க. வராட்டி நாங்க எல்லாரும் சேந்து கையெழுத்து போட்ட மனு உயர்கல்வித் துறைச் செயலருக்கும் மாவட்ட கலெக்டருக்கும் போகும், அது தயாரா இருக்கு.

இப்படிக்கு,
மூணாவது செமஸ்டர் மாணவி, பொதுக்கொள்கை மற்றும் மேலாண்மை,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்